ஆறு வாட் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்

மைக் செட் வாடகைக்கு விடும் நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடிச் சாப்பிடுகிறீர்கள். இந்த ஆண்டு என்னையும் அழைத்து, "ஆம்பிளிஃபையர் எப்படிப் பார்த்து வாங்குறதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க அங்கிள், மலர்ல போடுறோம்" என்று கேட்டீர்கள். இதற்கு நாலு பக்கம் எதற்கு? போதும் என்று உங்களுக்குத் தோன்றுவதைப் போல நாலு மடங்கு வாங்குங்கள். முடிந்தது. மற்றதெல்லாம் வியாபாரிகள் பேசுவது.

ஆனால் நாலு பக்கத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். அந்த நாலு மடங்கு கணக்கு எனக்கு எப்படி வந்தது என்று எழுதி மீதி இடத்தை நிரப்புகிறேன். படித்த பிறகு அடுத்த ஆண்டு விருந்துக்கு என்னை அழைக்காமல் விட்டாலும் எனக்கு வருத்தமில்லை. கோழி எப்படியும் வேகுவதே இல்லை.

நான் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, அரசாங்க வேலைக்கு மனுப் போட்ட நேரத்தில் ரப்பர் விலை விழுந்து நாடே படுத்துவிட்டது. இருந்த கிராணிகளையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனவே பத்து ரோடு என்ற கடைத்தெருவில் ஒரு கிராமபோன் கடையில் சேர்ந்தேன். முதலாளி சைக்கிள், தையல் மெஷின், கிராமபோன் மூன்றும் விற்பார். மூன்றுக்கும் ஒரே எண்ணெயைத்தான் போடுவார்.

அந்தக் கடையில் இங்கிலீஷ் விலைப்பட்டியலைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் பெரிய விஞ்ஞானி என்று பெயர் வந்துவிட்டது. ரேடியோ கரகரத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் அதன் முதுகில் தட்டுவேன், சரியாகிவிடும். எல்லோரும் தலையாட்டுவார்கள். இளம் வயதில் ஒருவனுக்கு நடக்கக்கூடிய கெடுதல்களில் இது முக்கியமானது.

முப்பதுகளின் நடுவில், கோவில் திருவிழாவுக்கும் நாடகத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடலாம் என்று முதலாளிக்கு யோசனை வந்தது. அப்போது இந்த ஊரில் அது புதிது. விலைப்பட்டியலில் இரண்டு ஆம்பிளிஃபையர்கள் இருந்தன. ஒன்று ஆறு வாட், இன்னொன்று இருபத்தைந்து வாட். இன்றைக்கு உங்கள் வீட்டுச் சமையலறை ரேடியோவே ஆறு வாட் இருக்கும், சிரிக்காதீர்கள். அன்றைக்கு வால்வு ஒவ்வொன்றும் வாழைப்பூ அளவு. இருபத்தைந்து வாட் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், கொண்டுபோக லோரி வேண்டும். ஆறு வாட்டை ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம்.

"எதுடா வாங்கலாம் சாமுவேலு?" என்றார் முதலாளி.

"சோதிச்சுப் பாத்துச் சொல்றேன் முதலாளி" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்குள் எவ்வளவு பெருமை இருந்தது என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

ஏஜெண்டிடம் ஆறு வாட்டை மாதிரிக்கு வாங்கி, குவாட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த திடலில் மூங்கில் நட்டு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினேன். ஒரு பெண் பாடிய இசைத்தட்டை வைத்துவிட்டு, இருநூறு அடி எண்ணி நடந்து திரும்பி நின்றேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இன்னும் நூறு அடி போனேன். அங்கேயும் கேட்டது. விலைப்பட்டியலில் வேறு, ஆயிரம் பேர் கூட்டத்துக்குப் போதுமானது என்று அச்சடித்திருந்தார்கள். அந்த ஆயிரம் பேர் எந்த ஊர் ஆயிரம் பேர் என்று அதில் எழுதவில்லை. கையுறை போட்டுக்கொண்டு இருமாமல் உட்காரும் ஆயிரம் பேராக இருந்திருக்க வேண்டும்.

திடலுக்கு என்னுடன் ஆ லெங் வந்திருந்தான். பேசும்படம் காட்டும் கொட்டகையில் மெஷின் ஓட்டுகிற சீனன். என் வயதுதான். பள்ளிக்கூடமே போகாதவன். இசைத்தட்டு முடியும் வரை பனை விசிறியால் விசிறிக்கொண்டு நின்றுவிட்டு, "கெச்சில் லா" என்றான். சின்னது என்று.

"கேக்குதே" என்று நான் மலாயில் சொன்னேன்.

"இப்ப யாரும் இல்லை. ஓராங் ராமாய், மத்தி லா." கூட்டம் வந்தால் இது செத்துப்போகும் என்று அர்த்தம். அவனுடைய கொட்டகையில் இருபத்தைந்து வாட்டில் இரண்டு வைத்திருந்தார்கள். ஒன்று ஓடும், ஒன்று கையிருப்பு.

அவன் சொன்னதை நான் ஏன் கேட்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவன் ஏழாம் வாய்ப்பாடு தெரியாதவன். நான் பௌதிகத்தில் டிஸ்டிங்ஷன் வாங்கியவன்.

ஆறு வாட் ஏன் போதும் என்று இங்கிலீஷில் இரண்டு பக்கம் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அதனாலேயே அது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கல்லாவுக்குப் பின்னால் சுவரில், லட்சுமி படத்துக்குக் கீழே, மைதா பசை போட்டு ஒட்டினார். "எங்க சவுண்ட் என்ஜினியர் எழுதினது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். இனி அந்தக் காகிதம் பொய் என்று ஆனால் நானும் பொய் ஆவேன். நீங்கள் எதையாவது தேர்ந்தெடுத்தால் வாயால் சொல்லுங்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டவிடாதீர்கள்.

முதல் வாடகை ஒரு நாடகக் கம்பெனிக்கு. தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்து ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தார்கள். மாணிக்கம் என்பவர் அவர்களைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒருநாள், அடுத்த வாரம் கிள்ளானில் ஒருநாள் என்று பேச்சு. கம்பெனியின் ராஜபார்ட் ஒரு பெண்மணி, தாயாரம்மாள். நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மீசை ஒட்டி, கிரீடம் வைத்து, இடுப்பில் கத்தியோடு வந்து நின்றால் ராஜாதான். ஐந்தரைக் கட்டையில் பாடுவார். இருபத்தைந்து ஆண்டுகளாக மைக் என்ற ஒன்று இல்லாமலே கடைசி வரிசைக்குப் பாடிய தொண்டை அது.

மேடையில் மைக்கைப் பார்த்ததும் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இதுக்கு முன்னால நான் பாடணுமா தம்பி, இல்ல இது பாட நான் பாத்துட்டு நிக்கணுமா?"

"நீங்க மெதுவாப் பாடினாப் போதும்மா. மிச்சத்த மெஷின் பாத்துக்கும்."

"மெதுவாப் பாடறதுக்கா நான் கப்பலேறி வந்தேன்?"

ஆர்மோனியக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் அந்தக் கேள்வியை யோசித்திருக்க வேண்டும். ஒரு ஆம்பிளிஃபையரைப் பற்றி என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி.

நாடகக் கொட்டகை நிறைந்தது. ரயில்வே வொர்க்‌ஷாப்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆயிரம் பேர், ஆயிரம் பொட்டலம் கச்சான் கடலை, முந்நூறு குழந்தைகள். மனித உடம்பு சத்தத்தைக் குடிக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் திடலில் சோதித்த அன்று எனக்கு அது ஞாபகம் வரவில்லை. முதல் பாட்டிலேயே பின்னாலிருந்து, "கேக்கல லா" என்று குரல் வந்தது. குமிழைத் திருப்பினேன். மறுபடியும், "கேக்கல." கடைசி வரை திருப்பிவிட்டேன்.

நாடகம் ஒரு ராஜா நாட்டை இழக்கும் கதை. எல்லா நாடகமும் அந்தக் கதைதான். ராஜா பிள்ளையைப் பிரியும் இடம் வந்தது. தாயாரம்மாள் காலை ஊன்றி நின்று மேலே ஏறினார். உச்சியைத் தொட்டபோது குழாயிலிருந்து வந்தது அவருடைய குரல் இல்லை. மண்ணெண்ணெய் டின்னைக் காலால் மிதித்தால் வருகிற சத்தம். பின் வரிசையில் ஒருவன் சிரித்தான். அடுத்தவன் சேவல் மாதிரி கூவிக் காட்டினான். பிறகு கொட்டகையே சிரித்தது.

கூட்டம் கலைவது போலிருந்தால் இன்னும் உரக்கப் பாடு என்பதுதான் அந்தக் காலத்து நடிகர்களுக்குத் தெரிந்தது. அவர் இன்னும் உரக்கப் பாடினார். அவர் உரக்கப் பாடப் பாட என் பெட்டி இன்னும் மோசமாக உடைந்தது. பெட்டியின் கம்பி வலை வழியாகப் பார்த்தேன். வால்வுக்குள் இருக்கும் தகடு சிவந்துகொண்டிருந்தது. உடைவது குரல் இல்லை, பெட்டி என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தெரிந்தது, யோசித்துத் தெரிந்தது என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெட்டியை அணைத்திருக்க வேண்டும். அந்த அம்மாளின் தொண்டை மீதியைப் பார்த்துக்கொண்டிருக்கும், இருபத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டதுபோல. என் கை சுவிட்சிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. முன்வரிசையில் முதலாளி, அவர் அழைத்து வந்த நாலு கடைக்காரர்களுடன் உட்கார்ந்திருந்தார். முதல் வாடகையில் மெஷினை அணைத்த சவுண்ட் என்ஜினியர் என்று என்னை யாரும் சொல்லக்கூடாது. சுவிட்சைத் தொடவில்லை.

இந்தத் தொழிலில் சத்தத்தைக் கூட்ட யாருக்கும் தெரியும். எல்லார் கண் முன்னாலும் எழுந்து போய் அணைக்கத் தெரிந்தவனைத்தான் வேலைக்கு வையுங்கள்.

காட்சி முடிந்து திரை விழுந்தது. மாணிக்கம் மேடைக்குப் பின்னால் வந்தார். முதலாளியும் வந்தார். தாயாரம்மாள் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து மீசையை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு தம்பி" என்றார் மாணிக்கம். "மெஷினா, தொண்டையா?"

முதலாளி என்னைப் பார்த்தார். தாயாரம்மாளும் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபமில்லை. அவருக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

நான் வாயால் பதில் சொல்லவில்லை. திடலில் சோதித்த அதே இசைத்தட்டை எடுத்து வைத்தேன். குழாயில் அந்தப் பெண் பாடினாள். துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"மெஷின் நல்லாத்தான்யா இருக்கு" என்றார் முதலாளி.

இசைத்தட்டு எப்போதும் கத்தாது. அதைச் செய்கிறவன் மெல்லியதைக் கொஞ்சம் ஏற்றி, பலமானதைக் கொஞ்சம் அமுக்கித்தான் தட்டில் இருக்கும் கோட்டுக்குள் அடைக்கிறான். அதை வைத்து ஆம்பிளிஃபையரைச் சோதிப்பது, தூங்குகிறவனை வைத்துக் கட்டிலைச் சோதிப்பது மாதிரி. உயிரோடு இருக்கும் மனிதன் ஒரு நிமிடம் முணுமுணுப்பான், அடுத்த நிமிடம் கூரையைப் பிளப்பான். பெட்டியை அந்த இரண்டாவது நிமிடத்துக்கு வாங்க வேண்டும். இதெல்லாம் அன்று மேடைக்குப் பின்னால் நின்ற ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் இசைத்தட்டின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தாயாரம்மாள் தட்டு முடியும் வரை கேட்டார். "அந்தப் பொண்ணு சுத்தமாப் பாடுது" என்றார். உரித்த மீசையை டப்பாவில் போட்டபடி, "எனக்கு உள்ள ஒண்ணும் தெரியல மாணிக்கம். நல்லாத்தான் போகுதுன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் தன் குரலை வெளியிலிருந்து கேட்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அதைக் கேட்க வைத்தது என் பெட்டி. அவர் அதை நம்பிவிட்டார்.

மாணிக்கம் கெட்டவர் இல்லை, காண்ட்ராக்டர். மீதி நாடகத்தை ராணி வேஷம் போடும் இளையவளை ராஜாவாக்கி ஓட்டினார். அவளுக்குச் சின்னக் குரல். மைக்கை ஒட்டி நின்று மெதுவாகப் பாடினாள். ஆறு வாட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. கிள்ளானுக்கும் அவளே ராஜா, தாயாரம்மாளுக்கு ராஜமாதா வேஷம், பாட்டு இல்லை என்று அங்கேயே முடிவாயிற்று.

நான் கத்தோலிக்கனாகப் பிறந்திருந்தால் சனிக்கிழமை பாவமன்னிப்புக் கூண்டுக்குள் போய் முட்டி போட்டுச் சொல்லி முடித்திருப்பேன். நான் மெதடிஸ்ட். எங்களுக்கு அந்த வசதி கிடையாது, நேராக ஆண்டவரிடம் சொல்ல வேண்டும். ஆண்டவருக்கோ ஏற்கனவே தெரியும். எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மறுநாள் ஆ லெங்கிடம் போனேன்.

"சாயா சுடா சக்காப்" என்றான். நான்தான் சொன்னேனே என்று. பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, வருகிற ஞாயிறு ஒருநாளைக்குக் கொட்டகையின் கையிருப்புப் பெட்டியைத் தருகிறேன், திங்கள் படத்துக்கு முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும் என்றான். பள்ளிக்கூடம் போகாதவன் என்று முன்பு எழுதினேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் இருவரில் காது உள்ளவன் அவன்.

முதலாளியிடம், கிள்ளானுக்குப் பெரிய பெட்டி கொண்டுபோகிறேன் என்றேன்.

"ஆறு போதும்னு நீதானே எழுதியிருக்க?" சுவரைக் காட்டினார்.

"கிள்ளான்ல காத்து ஜாஸ்தி முதலாளி. சத்தத்த அடிச்சுட்டுப் போயிடும்."

"அப்படியா" என்றார். அவர் என்னை முழுக்க நம்பினார். நம்புகிறவர்களிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்பதை நான் கற்றுக்கொண்டதும் அந்த வாரம்தான்.

கிள்ளானில் நாடகம் ஞாயிறு பிற்பகல் நாலு மணிக்கு. தோட்டத்து ஜனங்களுக்காக அந்த நேரம். லோரி லோரியாக வந்து, இருட்டுவதற்குள் திரும்பிப் போக வேண்டும், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ்காரர்களும் ரயில்வே பாஸில் வந்துவிட்டார்கள். பின்னால் தென்னை மரங்களுக்கு அடியில் லோரி டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தைந்து வாட்டை மேடை ஓரத்தில் வைத்து, குமிழைக் கால்வாசிதான் திருப்பினேன். பெட்டி சுமை எதுவும் தெரியாமல் ஓடியது.

இளையவள் பாடினாள். தண்ணீர் மாதிரி இருந்தது. கிள்ளான் ஜனங்கள் கைதட்டினார்கள். மாணிக்கம் என் தோளைத் தட்டினார்.

"பாத்தியா தம்பி. தொண்டைதான். அன்னிக்கே நீ கரெக்டா காட்டிட்ட."

அப்போதுதான் நான் செய்துவிட்ட காரியம் எனக்குப் புரிந்தது. என் தப்பைத் திருத்துகிறேன் என்று நினைத்துப் பெரிய பெட்டியைக் கொண்டுவந்தேன். அது அந்த அம்மாளுக்கு எதிரான இரண்டாவது சாட்சியாக நின்று பேசிக்கொண்டிருந்தது. பெட்டி மாறியது முதலாளிக்கு மட்டும் தெரியும், அவருக்கு அது காற்றுக்காக. எல்லாருக்கும் எல்லாப் பெட்டியும் பெட்டிதான். தாயாரம்மாள் திரையோரத்தில் நரைமுடி டோப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் மேடைக்கு அடியில் குனிந்து பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். வாயால் சொல்லப் பயந்தவன் செய்த வேலை அது. மைக் செத்தால் இளையவள் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது, கூட்டம் கத்தும், வேறு வழியில்லாமல் தாயாரம்மாள் எழுந்து வந்து பாடுவார், எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும், நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. என் திட்டம் இதுதான். முதல் பாதி அப்படியே நடந்தது. இளையவள் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. "கேக்கல லா" என்று தென்னை மரம் வரைக்கும் கத்தினார்கள்.

மாணிக்கம் ஓடிவந்தார். "அக்கா, கரண்டு போச்சு. போய் ஒரு பாட்டு எடுத்து விடுங்கக்கா. கூட்டம் கலையுது."

தாயாரம்மாள் அசையவில்லை. "வேணாம் மாணிக்கம். ஒரு தடவ சிரிச்சாங்க, போதும்."

"அக்கா."

"இந்தத் தொண்டைய வச்சுட்டு வேணாம்னு சொல்றேன்ல."

மாணிக்கம் என்னிடம் திரும்பி, "சீக்கிரம் பாருப்பா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை அமர்த்த முன்பக்கம் ஓடினார். நானும் அந்த அம்மாளும்தான் இருந்தோம். ஆர்மோனியக்காரர் சும்மா துருத்தியை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றேன். "அன்னிக்கு உங்க தொண்டை இல்லம்மா. என் பெட்டி. சின்னப் பெட்டி. நீங்க பாடினத அது தாங்கல."

அவர் டோப்பாவை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அப்பவே."

"அப்பவேன்னா?"

"நீங்க பாடிட்டு இருக்கும்போதே."

"அந்தத் தட்டு வச்சுக் காட்டினியே."

"அது கத்தாதும்மா. அதுக்கு அந்தப் பெட்டி போதும்."

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிரித்தார், ராஜா சிரிப்பு.

"ஒரு வாரமா மிளகும் கற்கண்டும் தின்னு வயிறே எரியுது எனக்கு. பச்சத்தண்ணி தொடல. பாவி, நேத்து தொண்டைக்குன்னு மந்திரிச்சு ஒரு தாயத்து வேற கட்டிக்கிட்டேன்." கழுத்திலிருந்து அதை இழுத்துக் காட்டினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா."

"இத ஏன் எங்கிட்டச் சொல்ற?"

நான் பெட்டிப் பக்கம் திரும்பினேன். அவர் விடவில்லை.

"நானா சிரிச்சேன்? சிரிச்சவங்க அங்க உக்காந்திருக்காங்க. பாதிப் பேர் ரயிலேறி இங்கயும் வந்திருக்கான், நான் இன்னிக்கும் கூவுவேனான்னு பாக்க." முன்பக்கத்தைக் கையால் காட்டினார். "உங்கிட்டத்தான் ஆயிரம் பேருக்குக் கேக்குற குழாய் இருக்கே. அதுல சொல்லு. சொல்லிட்டு வா. நான் மீசைய ஒட்டிக்கிட்டுப் போய்ப் பாடறேன்."

உண்மையாகவே மீசையை எடுத்தார். பசை டப்பாவைத் திறந்தார்.

நான் போய் ஃபியூஸை மாட்டினேன். பெட்டி சூடாக ஒரு நிமிடம் ஆகும். மேடைக்கு நடந்தேன். இளையவள் விலகி இடம் விட்டாள். மைக்குக்கு முன்னால் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் உடைந்தது அம்மாவின் குரல் இல்லை, நான் தேர்ந்தெடுத்த ஆம்பிளிஃபையர். இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

முன்வரிசையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த ஒருவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே" என்றேன். "மின்சாரத் தடங்கல் ஏற்பட்டமைக்கு வருந்துகிறோம். நாடகம் தொடர்ந்து நடைபெறும்."

கைதட்டினார்கள். என் குரலை வெளியிலிருந்து நான் கேட்டதும் அதுவே முதல் தடவை. இருபத்தைந்து வாட். ஒரு எழுத்துக்கூட உடையவில்லை. தென்னை மரத்தடியில் லோரி டிரைவர்கள்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

திரையோரத்துக்குத் திரும்பி வந்தேன். தாயாரம்மாள் பசை டப்பாவை மூடியிருந்தார். நரைமுடியைத் தலையில் வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தார். ராஜமாதா வரும் கட்டம் வந்தது. எழுந்தார். என்னைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றார்.

"நல்லாக் கேட்டுச்சு தம்பி" என்றார்.